அரைமணியின் ஞாயிற்றுக்கிழமை

என் அண்ணனை வீட்டில் எல்லோரும் 'அரைமணி' என்றுதான் கூப்பிடுவோம். எந்த வேலையையும் அரைமணி நேரத்துக்கு மேல் செய்ய மாட்டான். ஆனால் ஒரே நாளில் ஏழெட்டு வேலை செய்வான்.

பறவை எண்ணுவான். மவுத் ஆர்கன் ஊதுவான். கயிற்றில் விதவிதமாக முடிச்சுப் போடுவான். எல்லாம் நூலகப் புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டது. எதுவும் உருப்படியாக வராது. அதைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம்கூடக் கவலை கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மறுநாளைக்கு அட்டவணை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுவான். செய்து முடித்தால் டிக். முடியாவிட்டால் ஓர் அம்புக்குறி. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும். எழுதிய எதையும் அடிக்கக் கூடாது. அதுதான் அவன் சட்டம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, அட்டவணையை ஒட்டிவிட்டுப் படுத்தான். காலையில் உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணன் திரும்பி வரவே இல்லை.

அந்தத் தாள் மட்டும் கதவில் அப்படியே இருந்தது. ஒரு டிக் இல்லை, ஓர் அம்பு இல்லை.

போன சனிக்கிழமை அப்பா அண்ணன் அறை வாசலில் வந்து நின்றார். அண்ணன் போனதிலிருந்து அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை.

"பாப்பா, நாளன்னிக்கு பெயிண்டர் வரார். அலமாரில ஒட்டினதெல்லாம் எடுத்துடு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்." அலமாரியைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒருத்தன் ஒரு நாளை எழுதி வைத்திருக்கிறான். அந்த நாள் நடக்கவே இல்லை. அதற்குள் தாளைக் கிழித்துப் போடுவதா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க அண்ணன் எழுதியதை நானே செய்து, டிக் போட்டுவிட்டுத்தான் எடுப்பேன் என்று முடிவு செய்தேன்.

காலை ஆறரை, பறவை எண்ணுதல். மொட்டைமாடியில் நின்று எண்ணினேன். பதினாறு காக்கை, ஒரு புறா. மறுபடி எண்ணினால் பதினொரு காக்கை. அதுகள் ஓர் இடத்தில் உட்கார்ந்தால்தானே. எப்படியோ ஒரு டிக்.

ஏழரை, மவுத் ஆர்கன். மூன்றே நிமிடத்தில் கீழ்வீட்டு மாமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுல குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு. யாராச்சும் அடுப்ப அணைங்கப்பா."

அண்ணன் ஊதும்போதும் இதையேதான் சொல்வார். மாமாவுக்கும் அது நினைவு வந்துவிட்டது போல. "நீ ஊதும்மா, ஊது" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஒன்பது, முடிச்சு, பக்கம் நாற்பத்தொன்று. நாற்காலிக் காலில் போட்டுப் பார்த்தேன். பிரமாதமாக வந்தது. அவிழ்க்கத்தான் வரவில்லை. பேக்கரி வேலைக்குக் கிளம்பிய அம்மாவின் கைப்பையும் அதற்குள் மாட்டிக்கொண்டது.

"என்னடி இது, உங்க அண்ணன மாதிரியே..." என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார். தரையில் உட்கார்ந்து நகத்தால் முடிச்சை நெம்பினார். கண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கயிற்றில் விழுந்தது.

"பஸ் போயிடும்மா."

"போகட்டும்" என்றார் அம்மா.

பதினொரு மணிக்குப் பழைய ரேடியோ. கழற்றத் தெரிந்தது, திரும்ப மாட்டத் தெரியவில்லை. முதல் அம்பு போட்டேன்.

நான்கு மணிக்கு எதிரே 'வாலுக்கு சைக்கிள்' என்று இருந்தது. வாலு நான்தான். அண்ணனைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இதை மட்டும் தனியாகச் செய்ய முடியாது. பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. ஆனால் இந்த ஐந்து மாதமாக, போன் வந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை. அன்றும் நாலு மணிக்குச் சரியாகப் போன் அடித்தது.

"யாராவது உள்ள மாட்டிக்கிட்டாங்களாப்பா?"

"இல்ல. லிஃப்ட்ல லைட் எரியலயாம்."

"லைட்டுக்கெல்லாமா நீங்க போகணும்?"

அப்பா செருப்பைத் தேடினார்.

நான் பென்சிலை எடுத்தேன். "அப்ப சைக்கிளுக்கும் அம்பு போட்டுடறேன்."

"என்ன அம்பு?"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அறை வாசலில் நின்றுவிட்டார். நான் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தார்.

அப்பா அந்தத் தாளைப் படித்ததே இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. '5.00 – சும்மா உட்காருவது. (அப்பா ஃப்ரீயாக இருந்தால், அப்பாவோடு.)'

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சத்தமே இல்லாமல் அழுதார். நான் சத்தம் போட்டே அழுதேன்.

பிறகு போனை எடுத்தார். "வேற யாரையாவது அனுப்புங்க சார். எனக்கு வீட்ல வேலை இருக்கு."

அண்ணன் சைக்கிளில் சீட் எனக்கு எட்டவில்லை. அப்பா ஸ்பேனரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இறக்கட்டுமா பாப்பா?"

"இறக்கினா அண்ணன் உயரம் நமக்கு மறந்துடுமேப்பா."

அப்பா ஓர் ஆணியை எடுத்து, சீட்டைத் தாங்கும் கம்பியில் கோடு கிழித்தார். பிறகு சீட்டை இறக்கினார். கோடு குழாய்க்குள் போய்விட்டது.

"உள்ளதான் இருக்கு" என்றார்.

தெருவில் நான் மிதிக்க மிதிக்க, அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். தெருமுனை வரை போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். பிடியை விடவே இல்லை.

"விடுங்கப்பா. விட்டாத்தானே ஓட்ட வரும்?"

"தெரியுது பாப்பா. இன்னிக்கு என்னால முடியல."

'போங்கப்பா' என்று கத்த வாயெடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சரிப்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை விடுங்க. அம்பு போட்டுக்கலாம்."

ஐந்து மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்தோம். நிஜமாகவே சும்மா. எதிர்வீட்டுச் சுவரில் காக்கைகள் வந்து உட்கார்ந்தன.

"பதினாறு" என்றேன்.

"பதினொண்ணுதான்" என்றார் அப்பா.

இருட்டும் முன் அறைக்குப் போனோம். அப்பாதான் முதலில் உள்ளே போனார். தாளை எடுக்கக் கை வைத்தேன்.

"இருக்கட்டும். இந்தக் கதவ மட்டும் விட்டுடச் சொல்றேன்" என்றார்.

சைக்கிளுக்கு அம்பு போட்டேன். கடைசி வரிக்கு வந்தபோது அப்பா பென்சிலை வாங்கிக்கொண்டார். 'இருந்தால்' என்ற சொல்லை அடிக்கப் போனார்.

"அடிக்கக் கூடாதுப்பா. அதுதான் சட்டம்."

அப்பா யோசித்தார். அப்புறம் அண்ணனின் எழுத்துக்குப் பக்கத்தில், கோணல்மாணலாக, 'ஃப்ரீதான்' என்று எழுதினார்.