வாய்க்கால் பில்லில் ஒரு கையெழுத்து

ரத்தினம்மாள் கடலூர் தணிக்கை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி பத்தரை. கீரப்பாளையம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஐந்தாண்டு ஊராட்சித் தலைவராக இருந்தவர். ஜனவரியில் பதவி முடிந்திருந்தது. கொண்டு வந்த உத்தரவை மேசைமேல் விரித்தார்.

"இதுல கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாம்மா" என்றார் தணிக்கை ஆய்வாளர் தில்லைநாதன்.

"மூணு லட்சத்து அறுபதாயிரம் நான் கட்டணுமாம். கட்டலன்னா வூட்ட ஜப்தி பண்ணுவாங்களாம். டிசம்பர் ரெண்டாம் தேதி வாய்க்கால் தூர்வாரினதா பில்லு. அந்த வாரம் பூரா தண்ணி ரோட்டு மேல போச்சு. ஜனங்கள பள்ளிக்கூடத்துல தங்க வெச்சி சோறு போட்டோம். எவன் சார் தூர்வாருவான்?"

"வேலை நடக்கலன்னு எங்களுக்கும் தெரியும். நடக்காத வேலைக்கான பில்லுல உங்க கையெழுத்து இருக்கே, அதுதான் சிக்கல்."

"நான் போடல சார்."

தில்லைநாதன் உத்தரவின் கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். முப்பத்தோரு வருடச் சர்வீஸ். சேர்ந்த புதிதில் அவரையும் சேர்த்து நாலு பேர் தகரப் பெட்டியோடு பஸ் ஏறிச் சிதம்பரத்தில் அறை எடுப்பார்கள். காலையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும்; பிறகு பொழுது சாயும்வரை பதிவேடுகள். எவ்வளவு திருட்டைக் கண்டுபிடித்தார்கள்! அழகான கையெழுத்தில் ஆட்சேபணை எழுதுவார்கள். ஒரு பதில் வரும், கோப்பு மூடப்படும். ஒரு ரூபாய் திரும்பியதில்லை. 'வசூல் பண்ற அதிகாரம் மட்டும் நம்ம கையில இருந்தா...' என்று திரும்பும் பஸ்ஸில் பேசிக்கொண்டே வருவார்கள். அந்த நால்வரில் இன்று வேலையில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். அதிகாரம் இந்த ஆண்டுதான் வந்தது. அவர் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்ட முதல் உத்தரவு இது.

"சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கம்மா" என்றார்.

உதவியாளர் காயத்ரி தாள் கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். எதையும் எட்டிப் பார்த்துவிடும் சுபாவம். "என்னம்மா இது? பழைய காலத்து எழுத்து மாதிரி 'லை'க்குத் தும்பிக்கை போட்டிருக்கீங்க!"

"எங்க காலத்துல இப்பிடித்தாம்மா சொல்லிக் குடுத்தாங்க. கை மாறல."

தில்லைநாதன் குனிந்து பார்த்தார். விடுதியில் படித்த காலத்தில் அம்மா எழுதிய இன்லேண்டு கடிதங்கள் நினைவுக்கு வந்தன. 'இங்கு மழை இல்லை' என்ற வரியில் இதே தும்பிக்கை. நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"காயத்ரி, அந்த பில்லை எடு. பணம் எப்ப போச்சு?"

"மார்ச்ல சார். புது ஊராட்சிச் செயலர் மணிவண்ணன் பணம் கொடுத்திருக்கார். பழைய செயலர் சடையப்பன் விட்டுட்டுப் போன நிலுவை பில்லுன்னு சொல்றார். சடையப்பன் ஜனவரியிலயே ரிட்டயர் ஆயிட்டார்."

"பில்லுல ஒப்பந்ததாரரோட வங்கிக் கணக்கு நம்பர் இருக்கு பார். அந்தக் கணக்கு எப்ப தொடங்கினதுன்னு வங்கியில எழுதிக் கேளு."

பத்து நாள் கழித்துக் கீரப்பாளையம் ஒன்றிய அலுவலகத்தில் தில்லைநாதன் எல்லோரையும் உட்கார வைத்தார். ரத்தினம்மாள் ஒரு பக்கம். எதிரே சடையப்பனும் மணிவண்ணனும். கோப்போடு காயத்ரி.

"தலைவரம்மா கையெழுத்துப் போட்டா, கீழ 'தலைவர்'னு தன் கையால எழுதுவாங்க" என்று தொடங்கினார் தில்லைநாதன். "அஞ்சு வருஷப் பதிவேட்டையும் பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் பழைய 'லை'. இந்த ஒரு பில்லுல மட்டும் புது 'லை'. கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சவர், கீழ இருக்கற சொல்லைத் தன் வழக்கப்படி எழுதிட்டார்."

"அப்ப சடையப்பன்தான் சார் எழுதியிருக்கணும்" என்றான் மணிவண்ணன்.

"இன்னாப்பா பேசற?" சடையப்பன் எழுந்துவிட்டார். "அவுங்களோட அஞ்சு வருஷம் இருந்தவன் நான்!"

"உட்காருங்க. சந்தேகம் உங்க மேலயும் இருந்துது" என்றார் தில்லைநாதன். "ஆனா பில்லு தேதி டிசம்பர் ரெண்டு. அதுல எழுதியிருக்கற வங்கிக் கணக்கு தொடங்கினது பிப்ரவரி பதினெட்டு. டிசம்பர்ல இல்லாத நம்பரை டிசம்பர்ல எழுத முடியாது. ஆக, பில்லே பிப்ரவரி பதினெட்டுக்கு அப்புறம் எழுதினது. அப்ப சடையப்பன் செயலர் இல்ல, இந்தம்மா தலைவர் இல்ல. பதிவேடும் காசோலையும் யார்கிட்ட இருந்துது மணிவண்ணன்?"

மணிவண்ணன் மின்விசிறியைப் பார்த்தான். காயத்ரியால் பொறுக்க முடியவில்லை. "கணக்கு கம்மாபுரத்துல, உங்க மச்சான் பேர்ல இருக்கு" என்றாள்.

"திருப்பிக் கட்டிடறேன் சார்" என்றான் மணிவண்ணன்.

தில்லைநாதன் அங்கேயே இரண்டு உத்தரவுகள் எழுதினார். ஒன்று மணிவண்ணன் பேரில். மற்றொன்றில், முந்தைய உத்தரவை விசாரிக்காமல் பிறப்பித்தது தன் பிழை என்று எழுதி அதை ரத்து செய்தார். ரத்தினம்மாள் இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்து, மடித்து, ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்த மௌனம் தில்லைநாதனைப் பல மாதம் உறுத்தியது.

பணம் திரும்பியது. அடுத்த வைகாசியில் அதே பணத்தில் தூர்வாரினார்கள். தில்லைநாதன் விடுப்பு எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய் நின்றார். மண்வெட்டிகள் சேற்றைக் கரையேற்றிக்கொண்டிருந்தன. குடையோடு நின்ற ரத்தினம்மாள் அவரைப் பார்த்துவிட்டு மெல்ல நடந்து வந்தார்.

"வெயில்ல நிக்கறீங்களே சார், சாப்ட்டீங்களா? வாங்க, வூட்டுக்குப் போவலாம்."