முப்பத்து நான்கு டிகிரி ஒயின்

காலையில் கடையைத் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை, பலகையில் அன்றைய குளிரின் விலையை எழுதுவது. ஒயினின் விலை மாறுவதே இல்லை. அதை ஒரே முறை பெயிண்டால் எழுதி வைத்துவிட்டேன். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வெயிலுக்கு அஞ்சாத ஒட்டுத் திராட்சை காய்த்துக் கொட்டுகிறது. ஒரு பாட்டில் ஒயின் இரண்டு இளநீர் விலைதான். அதையே குளிரவைத்துக் கொடு என்று கேட்டால் ஏழு மடங்கு. புதுச்சேரியில் மலிவான ஒயின் கிடையாது, மலிவான சூடான ஒயின்தான் உண்டு என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், கதவைச் சாத்தப்பா, இருக்கிற குளிரும் போகிறது என்பார்கள்.

சித்திரை இரண்டாம் வாரத்தில், கத்திரி தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு, ரொசாலி கடைக்கு வந்தாள். எதுவாரின் மனைவி. இருவரும் முப்பது வருடமாக என்னிடம்தான் வாங்குகிறார்கள். வந்தவள் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சவரிண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை மதியம் எங்க வீட்ல சாப்பாடு. கல்யாண நாளு. நீங்களும் வரணும். பதிமூணு பேருக்கு ஒயின் வேணும்.”

“எத்தனை டிகிரில?”

“இந்தக் கடைக்குள்ள இப்ப எவ்வளவு இருக்கோ அதுல.”

சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்தேன். முப்பத்து நான்கு.

“ஏம்மா, விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வெந்நீரையா ஊத்தப் போற?”

“வெந்நீர் மாதிரி இல்லாத ஒண்ணை எடுத்துக் குடுங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க.”

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்ததை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதும் தெரியும். இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

குளிர் இப்போது பங்கீட்டுப் பொருள். ஒவ்வொருவருக்கும் குளிர்வாரியம் தண்கட்டி கொடுக்கிறது. கடைகளுக்கு பாட்டில் குளிரவைக்க மட்டும் வாரியமே தினம் ஒரு விலைக்குக் குளிர் விடும், அது தனிக் கணக்கு. ஆங்கிலத்தில் கோல்டு பிரிக். செங்கல் அளவு இருக்கும். மூடியைத் திருகினால் ஆறு மணி நேரம் ஒரு சின்ன அறையைக் குளிர வைக்கும். திருகியதைத் திரும்ப மூட முடியாது. ஒருவர் பங்கை இன்னொருவருக்கு விற்கக்கூடாது, கொடுக்கக்கூடாது, கேட்கவும் கூடாது. கேட்டது தெரிந்தால் கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரு வருடம் பங்கு ரத்து. தெரியாமல் எப்படிப் போகும்? கட்டிக்குள்ளேயே ஒரு செவிச்சில்லு இருக்கிறது. பக்கத்தில் பேசுவதையெல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

சட்டம் போட்டவர்களும் விருந்து சாப்பிடுகிறவர்கள்தானே. அதனால் ஒரே ஒரு சலுகை வைத்தார்கள். விருந்துக்குப் போகிறவர், அங்கே பரிமாறும் பானத்தைக் குளிர வைக்க, தன் பங்கிலிருந்து ஒரு கட்டி கொண்டு போகலாம். திருகாமல் மிஞ்சியது விருந்து வைத்தவருக்கு. இதற்கு விருந்து விலக்கு என்று பெயர். அன்றிலிருந்து எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு விருந்துக்குப் போவதில்லை. முன்பு கேக் கொண்டு போனோம், இப்போது கட்டி கொண்டு போகிறோம்.

எதுவாருக்கு நரம்பு வியாதி. உடம்பைச் சுற்றி முப்பது டிகிரியைத் தாண்டினால் முதலில் கால் சொன்ன பேச்சைக் கேட்காது, பிறகு கை, கடைசியில் நாக்கு. கத்திரி இருபத்தைந்து நாளும் பகலில் அவருக்கு ஒரு கட்டி வேண்டும். இருவர் பங்கையும் சேர்த்தால் பன்னிரண்டுதான் வரும். மிச்ச நாளுக்குக் குளிரகம் என்று மலையடிவாரத்தில் ஒரு பெரிய கூடம் இருக்கிறது. அங்கே குளிர் உண்டு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. உறவினரை உள்ளே விடமாட்டார்கள். போன வருடம் எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் போனார்கள், ஒருவர் திரும்பி வந்தார். அவரும் இப்போது யாரையும் அடையாளம் கண்டுகொள்வதில்லை.

ஆக, மிச்சப் பதிமூன்று நாளுக்குப் பதிமூன்று விருந்தாளிகள், பதிமூன்று கட்டிகள். அவற்றில் ஒன்றைக்கூடத் திருகாமல், ஒயினைக் கொடுத்து, முகம் சுளிக்காமல் குடிக்கவும் வைக்க வேண்டும். குளிரைக் கையில் வாங்கிக்கொண்டு சூடாக ஊற்றுகிறாளே என்று ஒருவர் எழுந்து போனாலும் மற்றவர்களும் கட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார்கள். அது அவர்கள் உரிமை.

“உக்காரு” என்றேன். கடைக் கதவைச் சாத்தினேன்.

மலிவு ஒயின் எல்லாம் குளிரை நம்பிப் பிழைக்கிறவை. ஐந்து டிகிரியில் எல்லாமே நல்ல பிள்ளை. முப்பத்து நான்கில் சாயம் வெளுத்துவிடும். முதலில் வெள்ளை ஒயினைத் திறந்தேன். ரொசாலி ஒரு வாய் வைத்துவிட்டு வாளியில் துப்பினாள்.

“வார்னிஷ் வாசனை.”

ரோஸ் நிறத்தில் ஒன்று, கடையில் அதிகம் விற்பது. இருமல் மருந்து என்றாள். நுரைக்கும் ஒயினைத் திறந்தபோது பாதி என் சட்டையில் போயிற்று, மீதி குடிக்கும்படி இல்லை. இனிப்புச் சிவப்பு தொண்டையில் பாகாக ஒட்டியது. விலை கொஞ்சம் கூடுதலான, காரமான சிவப்பு ஒன்றை எடுத்தேன். அதில் ஆல்கஹால் பதினைந்து சதவீதம். சூட்டில் அது மூக்கில் ஏறி எரிந்தது. எட்டு பாட்டில் வாளிக்குப் போய்விட்டன. எனக்கே அலுத்துவிட்டது. அவளுக்கு அலுக்கவில்லை.

“என்ன சமைக்கிற?” என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“வஞ்சிரம் புளிக்குழம்பு, பன்றி விந்தாலு, மாங்கா பச்சடி.”

“எல்லாமே புளிப்பு.”

“வெயிலுக்கு வேற எது இறங்கும்?”

அப்போதுதான் பரணில் கிடந்த பெட்டி நினைவுக்கு வந்தது. மேகமலைச் சரிவில், பாறை நிலத்தில் விளைந்த ஒரு மெல்லிய சிவப்பு. ஆல்கஹால் பத்துதான். இனிப்பே இல்லாமல் நாக்கைச் சுண்டும் புளிப்பு. யாருமே வாங்காத சரக்கு, ஏனென்றால் எல்லோரும் ஒயினை ஐஸ் மாதிரி கேட்பார்கள். அந்தக் குளிரில் இது இரும்பைக் கடித்த மாதிரி கசக்கும். அதனாலேயே விலையும் பாதி. ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். ரொசாலி குடித்தாள். வாளி பக்கம் குனியவில்லை.

“இது நிக்குது” என்றாள். “ஆனா தனியா குடிச்சா கொஞ்சம் முரடு.”

“புளிக்குழம்புக்கு அப்புறம் குடி. முரடு அடங்கிடும். தடிமனான கிளாஸ் வேணாம், மெல்லிசா இருக்கறதை எடு, கொஞ்சமா ஊத்து. பாட்டிலை மண்பானைத் தண்ணில வெச்சா ரெண்டு டிகிரி குறையும். அதுக்கு யார்கிட்டயும் அனுமதி வாங்க வேணாம்.”

அவள் அடுத்த வாரம் முழுக்க, ஒவ்வொரு மதியமும் அந்த ஒயினோடு புளிக்குழம்பை வைத்து ருசி பார்த்தாள். புளியைக் குறைத்தாள், விந்தாலுவில் வினிகரைக் கூட்டினாள். எதுவாரிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அடுத்தவர் தூக்கத்தைத் திருடி நான் தூங்குவதா என்பார். ஒரு கட்டி என்பது யாரோ ஒருவரின் ஒரு மதியத் தூக்கம். அதில் அவர் சொல்வதும் சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் என் கட்டியோடு போனேன். கூடத்து மேஜையில் ஏற்கெனவே பதினொன்று வரிசையாக இருந்தன. என்னுடையது பன்னிரண்டு. பதிமூன்றாவதோடு கடைசியாக வந்தவள் எதுவாரின் அக்கா செலஸ்தீன். எழுபத்தொரு வயது. எந்த விருந்தில் எதைக் கொடுத்தாலும் குறை சொல்லாமல் எழுந்திருக்காதவள். கட்டியோடு எழுந்து போவதானால் முதலில் போகிறவள் அவள்தான்.

எதுவார் ஈரச்சாக்கு தொங்கவிட்ட உள்ளறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார்; கத்திரிக்கு முன்பு அவருக்கு அது போதும். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். நடையில் தடுமாற்றம் இல்லை. ஒவ்வொருவரையும் கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்றார், என்னையும். இன்று ஏதோ அதிகப்படியாக அன்பு காட்டுகிறாரே என்று தோன்றியது.

குழம்பு பரிமாறி, ரொசாலி முதல் கிளாஸை ஊற்றினாள். எதுவார் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

“இது சூடா இருக்கே.”

“அப்படித்தான் குடிக்கணும்” என்றாள் ரொசாலி.

“விருந்தாளிக்குச் சூடா ஊத்தற வீடா இது?”

யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் எழுந்து, மேஜையிலிருந்த கட்டி ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துத் திருகினார். சீறல் சத்தத்தோடு அது குளிரத் தொடங்கியது. ரொசாலி கையிலிருந்த பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். ஒரு நாள் போய்விட்டது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன்” என்றார் எதுவார். “குளிரகத்துக்குப் பேரு குடுத்துட்டேன். நாளன்னிக்கு வண்டி வருது. இன்னைக்காவது உங்களுக்குச் சில்லுனு ஊத்தறேன். எல்லாத்தையும் திருகுங்க.”

அவர் இன்னொரு கட்டியை எடுத்தார். ரொசாலி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பேச முடியாது. இது உங்களுக்காக என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால், பதிமூன்று செவிச்சில்லும் அதைக் கேட்டுவிடும். மேஜையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் அது தெரியும். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு. ஊரே கூடி உட்கார்ந்திருக்கிறது, போகாதே என்று சொல்ல ஒரு வாய் இல்லை.

அப்போது செலஸ்தீன் தன் கிளாஸை எடுத்து, ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“தம்பி, அந்தக் கட்டியைக் கீழ வை” என்றாள். “இந்த ஒயினைக் குளிர வெச்சா நான் தொடமாட்டேன். எழுபத்தொரு வருஷத்துல இப்பத்தான் வாய்க்குப் பிடிச்சதா ஒண்ணு ஊத்தியிருக்கா உம் பொண்டாட்டி. அதைக் கெடுக்காதே. திருகினது திருகினதுதான், அதை உன் நாற்காலிக்குப் பின்னால வை. ஒயின் பக்கத்துல கொண்டு வராதே.”

அவள் நெற்றியிலிருந்து வியர்வை கன்னத்தில் வழிந்து கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

எதுவார் அக்காவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சவரி, முப்பது வருஷமா உன்கிட்ட வாங்கறேன். பொய் சொல்லாதே. இதைக் குளிர வெச்சா கெட்டுடுமா?”

ஐஸாக்கினால் கெடும், அது உண்மை. ஆனால் இருபது டிகிரியில், ஒரே ஒரு கட்டியின் குளிரில், அந்த ஒயின் எப்படி மலர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தொழிலில் நான் பொய் சொன்னதில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் இவரிடம் சொன்னதில்லை.

“கெட்டுடும்பா” என்றேன். “ஒரு டிகிரி குறைஞ்சாலும் கெட்டுடும்.”

அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரும் யாருக்கும் கண்ஜாடை காட்டவில்லை. எதிர்வரிசையில் ஒருவர் கிளாஸை நீட்டினார், இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா என்று. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் நீட்டினார். பிறகு எல்லோரும். ஒருவர் புளிக்குழம்புக்கு எவ்வளவு பொருத்தம் என்றார். இன்னொருவர் இதே சூட்டில்தான் வாசனை எழும்புகிறது என்றார். சட்டையெல்லாம் நனைந்து முதுகோடு ஒட்ட, பதிமூன்று பேர் உட்கார்ந்து வெந்த ஒயினைப் புகழ்ந்து கொண்டிருந்தோம்.

“கத்திரில ஒரு நாளு வெயில் கூடுனா யோசிக்காதே ரொசாலி” என்றாள் செலஸ்தீன், தட்டிலிருந்து நிமிராமல். “எனக்கு வேலை என்ன இருக்கு? அன்னைக்கு நான் வந்து, ஈரத்துணியும் பனை விசிறியுமா, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இவன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். நீ எனக்கு இந்த ஒயின் ஊத்து, போதும்.”

விசிறி வீசுவதற்கு இன்னும் சட்டம் வரவில்லை.

எதுவார் நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் திருகிய கட்டி குளிர்ந்து கொண்டிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகமும் வியர்வையில் பளபளத்தது. மேஜையில் திருகாமல் மிஞ்சிய பன்னிரண்டையும் பார்த்தார். அவருடைய உதடு கோணியது. கிளாஸை எடுத்து, சூடான அந்த ஒயினை மெதுவாகக் குடித்து முடித்தார். குடித்தபோது அவர் முகம் ஒரு கணம் சுருங்கியதை நான் பார்த்தேன். முப்பது வருடம் நல்ல ஒயின் குடித்த நாக்கு.

“ரொசாலி” என்றார். “இந்த ஒயின் இன்னும் இருக்கா?”

“இருக்கு” என்றாள் அவள். கண்ணை அவரிடமிருந்து எடுக்கவில்லை. “கத்திரி முடியற வரைக்கும் இருக்கு.”

அவர் வெற்று கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அப்ப நானும் இருக்கேன். வண்டிக்காரனை வர வேணாம்னு சொல்லிடு.”