பதினோரு 'அலெஜ்ட்லி'

இன்னும் இருபத்தாறு மணி நேரம், பத்து நிமிடம்!

போன் அலறியது. வக்கீல்.

"ஏதாவது கிடைச்சுதாம்மா? நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள புது ஆதாரம் கொடுக்கலைன்னா உங்கம்மா மனு தள்ளுபடி. அப்புறம் சாகுற வரைக்கும் ஜெயில்தான்!"

"கிடைச்ச மாதிரி இருக்கு சார். ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மூன்று வயதில் அழுது தீர்த்ததோடு சரி. இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

பழைய ஆங்கில நாளிதழ்களை ஸ்கேன் செய்வது அவள் வேலை. இன்று காலை அப்பா செத்த செய்தி கைக்கு வந்தது.

மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்தார். தள்ளியது அம்மா என்று தீர்ப்பு. 'நான் கீழே குழாயடியில் இருந்தேன்' என்று அம்மா கதறியதை ஒருவரும் நம்பவில்லை.

வீட்டில் மாமா குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. அந்தச் செய்தி வந்த அதே பத்திரிகையில் க்ரைம் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளை வளர்த்தவர்.

"என்னம்மா இவ்ளோ சீக்கிரம்? ஆபீஸைக் கொளுத்திட்டியா?"

"மாமா, பழைய பேப்பர்ல வரிக்கு வரி 'அலெஜ்ட்லி'ன்னு வருதே... ஏன்?"

மாமாவின் முகம் மலர்ந்தது.

"அது எங்க தாயத்து! 'என்று சொல்லப்படுகிறது'ன்னு அர்த்தம். போலீஸ் சொன்னாலும் சரி, பொணமே எழுந்து வந்து சொன்னாலும் சரி, அதைப் போட்டே ஆகணும். இல்லைன்னா எடிட்டர் காப்பியைக் கிழிச்சு மூஞ்சியில எறிவார்!"

"எப்பதான் போட வேண்டாம்?"

"நம்ம கண்ணால பார்த்திருந்தா மட்டும். பழகிப்போச்சுன்னா யோசிக்கவே வேண்டாம். கை தானா போடும்... தானா விடும்!"

அவள் அந்தப் பக்கத்தின் நகலை மேஜையில் வைத்தாள்.

"இது நீங்க எழுதினது. ஆபீஸ் காப்பி ஓரத்துல உங்க இனிஷியல் இருக்கு."

மாமாவின் பேனா நின்றது.

"பதினோரு அலெஜ்ட்லி மாமா. எண்ணிட்டேன். அம்மா சண்டை போட்டதா சொல்லப்படுது. மாடிக்கு ஓடினதா சொல்லப்படுது. தள்ளினதா சொல்லப்படுது..."

"சரி... அதுக்கென்ன?"

"ஒரே ஒரு வரியில மட்டும் இல்லை. 'கொடியில் காய்ந்த போர்வையைப் பிடிக்கப் பார்த்தார். விரல் நழுவியது.'"

அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"போலீஸ் ரிப்போர்ட்ல போர்வையே கிடையாது. கோர்ட்லயும் யாரும் சொல்லலை. விரல் நழுவினதைப் பார்த்தது யாரு?"

"அச்சுல வந்தப்புறம்தான்மா நானே கவனிச்சேன்..."

"மாடியில அம்மா இருந்தாங்களா?"

"இல்லை."

"அப்ப யாரு இருந்தா? உங்க வாயால சொல்லுங்க மாமா."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கப்பன்கிட்ட, 'ஏன்டா அக்காவை அடிக்கிறே'ன்னு கேட்கப் போனேன். கையை ஓங்கினான்... நான்தான்மா தள்ளினேன். முப்பது வருஷ சர்வீஸ்ல நேர்ல பார்த்து எழுதின ஒரே செய்தி... அதுலயும் என் பேரைப் போட்டுக்க முடியலை!"