சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை

மொட்டு சமையலறைக்குள் வந்து நின்றபோது அவளுடைய செருப்பு கத்தவில்லை.

ஒவ்வோர் அடிக்கும் கீச்சு கீச்சென்று கத்துகிற செருப்பு அது. ஆறு வயதாகியும் பேச்சு வராத, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை எந்த அறையில் இருக்கிறாள் என்று தெரியவேண்டுமே, அதற்காக வாங்கியது. தேய்ந்திருக்கும் என்று நினைத்து அம்மா அதைக் கழற்றிக் கையால் அமுக்கிப் பார்த்தாள். கீச்சென்றது. மறுபடி மாட்டிவிட்டாள். மொட்டு நடந்தாள். சத்தமே இல்லை.

ஒலிப் பயிற்சி தொடங்கி அன்றைக்கு நாற்பதாவது நாள். பயிற்சி மையத்தில், அம்மா வீட்டில் வாசித்துப் பதிவு செய்த கதையை வாங்கி, அடிக்குரலையெல்லாம் வடிகட்டி, வயிற்றுக்குள் இருந்தபோது கேட்ட மாதிரி என்று சொல்லி, வார்த்தை புரியாத கீச்சுக் குரலாக்கிக் கொடுத்திருந்தார்கள். தினமும் மதியம் ஒரு மணி நேரம், திரும்பத் திரும்ப, ஹெட்போனில் கேட்க வேண்டும். "அம்மான்னு ஒரே ஒரு வார்த்தை வந்துட்டா போதும் டீச்சர்" என்று அம்மா கெஞ்சாத நாளில்லை.

பயிற்சி டீச்சருக்கு வாயெல்லாம் பல். "வந்த புதுசுல என்ன ஆட்டம் போட்டா! இப்ப எதச் சொன்னாலும் தலையாட்டிட்டு உடனே செய்யறா பாருங்க. காதுல விழுறது உள்ள போக ஆரம்பிச்சிடுச்சும்மா."

உண்மைதான். உட்கார் என்றால் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஆனால் வீட்டிலிருந்து அவளுடைய சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தட்டில் கரண்டி இடிக்கிற சத்தம் போனது. தூக்கத்தில் மூக்கடைத்து வரும் கரகர மூச்சு போனது. நேற்று வாய் திறந்து, கண்ணீர் வழிய, விம்மி விம்மி அழுதாள். அறையில் மின்விசிறி மட்டும்தான் கேட்டது. இன்று காலை தூக்கியபோது இடுப்பில் கனமே இல்லை. காய்ந்த துணியை எடுத்த மாதிரி இருந்தது.

அப்படி என்னதான் கேட்கிறாள் இவள்? அம்மா பிள்ளையை ஹெட்போனோடு உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு, வடிகட்டாத பழைய பதிவைக் கூடத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள்.

அவள் குரல்தான். குளத்தைத் தேடிப்போன வாத்தின் கதை. கதை முடிந்தது. புத்தகம் மூடுகிற சத்தம். நாற்காலி நகர்கிற சத்தம். பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள். ஒரு பெருமூச்சு. அப்புறம், மூன்று ராத்திரி தூங்காதவளின் குரல்.

"நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்டி."

சொன்னதே நினைவில்லை. பெற்றவள்தான், அலுப்பில் வாயில் என்னென்னவோ வரும். ஆனால் நாற்பது நாள். தினமும். காதோடு காதாக.

"அடிப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள்.

"மொட்டு, அம்மா ஏதோ தெரியாம சொல்லிட்டேன்டி. பொய்டி கண்ணு. அதைக் கேக்காதடி!"

நாற்காலியில் யாருமில்லை.

கீழே செருப்பு, ஜோடியாக. மேலே, ஆறு வயதுப் பிள்ளையின் தலை உயரத்தில், ஹெட்போன் அந்தரத்தில் நின்றது. அதன் இரண்டு காது மெத்தைகளுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையின் அகலம். கீச்சுக் குரல் கசிந்தது. பெருமூச்சு. அப்புறம் அந்த ஒரு வரி.

கேட்டு முடித்ததும் ஹெட்போன் மெதுவாக மேலும் கீழும் அசைந்தது. சமர்த்தாக.