ஒரே எண்ணில் இரண்டு பேர்

திரையில் செல்வி இரண்டு பேராக இருந்தாள்.

அலுவலகத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று வட்ட வட்டமாகப் படம் காட்டும் திரை அது. வாசல் மெஷினில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும், ஒரு பெண்குரல் "தேங்க்யூ" சொல்லும், திரையில் ஒரு வட்டம் கூடும். வெளியே போகவும் அதே மெஷின்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செம்பூரில் விடாத மழை, உள்ளே இசக்கிசெல்வி ஒருத்திதான். ஆனால் வட்டம் இரண்டு. இரண்டிலும் அவள் பெயர், அவள் படம், அவளுடைய ஊழியர் எண்.

அவள் புரோகிராம் எழுதியது, நாளைக் காலை வாடிக்கையாளர் முன்னால் ஓட வேண்டிய திரை. "அஞ்சு நிமிஷ வேலைம்மா, முடிச்சிட்டுக் கிளம்பு" என்று போனில் சொல்லிவிட்டார் முதலாளி ஜகந்நாதன். அஞ்சு நிமிஷ வேலையென்றால் அவரே வந்து செய்திருக்கலாம். தாராவி வீட்டில் நாலு வயது சாதனா காய்ச்சலில் கிடக்கிறாள். புருஷன் பேச்சிராஜா மருந்து கொடுத்தால் துப்பிவிடுவாள், அம்மாதான் வேண்டும். இதை முடிக்காமல் கிளம்பவும் முடியாது. எரிச்சலில் செல்விக்குக் கண் எரிந்தது.

திரையை எழுதிய ரியாக்ட் மென்பொருளில் இது தெரிந்த வியாதிதான். சோதனை ஓட்டத்தில் திரையின் ஒரே துண்டை அது இரண்டு தடவை வரைந்து பார்க்கும், அதை நிறுத்தினாள். திரை மூடும்போது பழைய இணைப்பு அறுபடாமல் இருந்தால் ஒரே செய்தி இரண்டாக வரும், அதையும் அறுத்துவிட்டாள். ரெஃப்ரெஷ் செய்தாள். இரண்டு வட்டம். கடைசியில் மெஷின் அனுப்பிய தகவலையே திறந்து பார்த்தாள். காலையில் ஒரு செல்வி உள்ளே வந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு இன்னொரு செல்வி, நடுவில் வெளியே போகாமலேயே.

"பாகல் மெஷின், பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றாள் சத்தமாக. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் கதவுச் சத்தம் எதுவும் கேட்டிருக்க வாய்ப்பில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. இயர்போனைக் கழற்றினாள். ஏசியிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர், தகரக் கூரையில் மழை, பின்பக்கம் பேன்ட்ரியில் ஃபிரிட்ஜின் முனகல், எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. ஈரத்துணி வாடை மட்டும் புதிது. அவள் துப்பட்டா எப்போதோ காய்ந்திருந்தது.

மறுபடி ரெஃப்ரெஷ் செய்தாள். சேமித்து வைத்திருப்பது ஒரே படம், பொங்கலுக்கு எடுத்தது, நேராகப் பார்க்கும் முகம். முதல் வட்டத்தில் அது அப்படியேதான் இருந்தது. இரண்டாவதில் முகம் லேசாக இடப்பக்கம் திரும்பியிருந்தது, முதல் வட்டத்தைப் பார்க்கிறாற்போல. படம் வெட்டுப்படுகிறது, ஸ்டைல் தப்பு என்று சொல்லிக்கொண்டு அதைச் சரிசெய்தாள். ரெஃப்ரெஷ்.

இன்னும் திரும்பியிருந்தது.

ரெஃப்ரெஷ். இப்போது ஒரு காது மட்டும். கன்னத்தில் ஒட்டிய ஈர முடி.

போதும். பேன்ட்ரிப் பக்கம் பார்க்கவே கூடாது. ஏன் இரண்டு என்று யோசிக்கவும் வேண்டாம். வீட்டுக்குப் போனால் போதும். அவசரத்தில் எல்லாரும் செய்கிற வேலையை அவளும் செய்தாள், ஒற்றை வரி: ஒரே எண் இரண்டு தடவை வந்தால், பின்னால் வந்ததை வைத்துக்கொள், முன்னால் வந்ததை எறி. சேமித்தாள்.

ஒரே வட்டம்.

"தேங்க்யூ" என்றது வாசல் மெஷின். கதவு திறந்து மூடியது. திரையில் அந்த ஒரு வட்டமும் போயிற்று. உள்ளே யாரும் இல்லை என்று எழுத்து வந்தது.

கதவு மூடி ஒரு நிமிஷம்கூட ஆகியிராது, அவள் பையை எடுக்கும்போது போன் அடித்தது. பேச்சிராஜா.

"ஹலோ, யாருங்க பேசுதது? செல்வி போனை ஆபீஸ்லயே விட்டுட்டு வந்துட்டா."

"நாந்தாங்க பேசுதேன். இன்னும் கிளம்பவே இல்ல."

"நாந்தான்னா யாரு? சிஸ்டர், வெளையாடாதீங்க. அவ இப்பதான் நனைஞ்சு வந்து பிள்ளைய மடியில போட்டிருக்கா. போனை டிராயர்ல வச்சிருங்க, நாளைக்கு எடுத்துக்கிடுவா."

"ஏங்க, பிள்ளைய வாங்குங்க. அது நான் இல்ல. பிள்ளைய வாங்குங்க."

அவர் பக்கத்தில் சாதனாவின் குரல் கேட்டது. "அம்மா, விடு. கை குளுருது. விடும்மா." பேச்சிராஜா யாரிடமோ சிரித்தபடி ஏதோ சொன்னார். போன் துண்டிக்கப்பட்டது.

செல்வி வாசலுக்கு ஓடினாள். மெஷினில் முகத்தைக் காட்டினாள். திறக்கவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டுக் காட்டினாள். கிட்டே போனாள், மெஷின் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் வரை போனாள்.

மெஷினின் சின்னத் திரையில், முகம் தெரிய வேண்டிய இடத்தில், அவளுக்குப் பின்னால் இருந்த மேசை தெரிந்தது. நாற்காலி, சுவர்க் காலண்டர், சொட்டுகிற ஏசி, எல்லாம் முழுசாக, மறைப்பே இல்லாமல் தெரிந்தன.