கூரை சுழலும் முன்

உதவி ஆய்வாளராக அவள் அந்த வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. உருண்டைக் கூரைக்குக் கீழே கிரீஸ் வாடை. பேராசிரியர் திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"வாம்மா. தெற்கே அந்தப் பட்டைச் சுருள் விண்மீன் மண்டலம் அரை மணியில இறங்கிடும். கூரையைச் சுத்து."

நடுவில் ஓர் ஒளிப்பட்டை, அதன் இரு நுனியிலும் வளைந்த கைகள். போன வருடம் எடுக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன படம். காரணத்தை ஜீப் டிரைவர் வழியிலேயே சொல்லியிருந்தார். கூரையைச் சுழற்றுமுன் மேலே பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். அன்று பேராசிரியர் அவசரத்தில் குரல் கொடுக்கவில்லை. கூரை ஓடும் தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்த மெக்கானிக்கைக் கூரைச் சக்கரம் அரைத்துவிட்டது. விபத்து அறிக்கையில் மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

அவள் அந்த மனிதருக்காக மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். பிறகு அண்ணாந்தாள்.

"மேல யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. கொஞ்சம் பொறு." மேலிருந்து குரல் வந்தது.

சட்டென்று கூரை மோட்டாரின் சாவியை உருவிக்கொண்டாள்.

"காத்து அது. சுத்து!" என்றார் பேராசிரியர்.

"பல கோடி வருஷம் நடந்து வந்த வெளிச்சம் சார். ரெண்டு நிமிஷம் பொறுக்காதா?"

"அடிவானம் பொறுக்காது. செத்தவனுக்கு இன்னும் ஷிஃப்ட் முடியலையாமா?" சிரித்தபடி இரும்பு ஏணியில் ஏறித் தண்டவாளத்தின் மேல் கையூன்றி எட்டிப் பார்த்தார். "பாரு, ஈ காக்கா இல்ல!"

சாவி அவள் கையில் இருந்தது.

கூரை சுழன்றது.

முதல் சக்கரம் அவர் விரல்களை நசுக்கியது. எலும்பு முறியும் சத்தம் சுவரெங்கும் எதிரொலித்தது. சட்டைக் கை சிக்கி, முழங்கை வரை உள்ளே போயிற்று. சூடான ரத்தம் அவள் நெற்றியில் தெறித்தது.

"அண்ணா, விட்டுடுங்க!" என்று இருட்டைப் பார்த்துக் கதறினாள்.

கூரை நின்றது.

"தப்பு யாரோடதுன்னு மட்டும் சொல்லச் சொல்லும்மா. விட்டுடறேன்."

"சார், சொல்லிடுங்க!"

பேராசிரியர் பல்லைக் கடித்தார். "அவன் தப்புதான்!"

அடுத்த சக்கரம் அவர் கழுத்தைத் தேடி வந்தது.

பேராசிரியர் இறந்த பிறகும் அவள் அங்கேயே வேலையில் நீடித்தாள். போன வருட விபத்து அறிக்கையைத் திருத்தச் சொல்லி எழுதினாள். மெக்கானிக்கின் மனைவியை நேரில் பார்த்து நடந்ததைச் சொன்னாள். அதோடு அந்தக் குரல் அடங்கிவிடும் என்று நம்பினாள்.

அடங்கியது. அவரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் இரவு அவள் அண்ணாந்து கேட்டபோது, மெக்கானிக்கின் குரல் வரவில்லை.

பிறகு, நெரிந்த தொண்டையிலிருந்து வேறொரு குரல்.

"இருக்கேம்மா… சுத்தாதே."

அவள் சாவியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தெற்கே அந்தச் சுருள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.