லேபிள் அழிந்த பாட்டில்

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். நாற்காலியில் கிடந்த நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டான். தேநீருக்கு இரண்டு தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தான். மனைவி போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கை மட்டும் இன்னும் மறக்க மாட்டேன் என்கிறது.

கீழ் வீட்டில் மாமியார் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மகள் போன பிறகும் மாடி அறையை மருமகனுக்கே விட்டு வைத்திருந்தார்.

"சாப்பிட்டீங்களா மாப்ள?"

"ஆச்சு அத்தை."

ஆகவில்லை. அது அவருக்கும் தெரியும்.

பஸ். பிறகு கல்லூரி. சுற்றுச்சூழல் சட்டமும் கொள்கையும், முதுநிலை, இறுதி ஆண்டு. துறையின் ஓய்வறையில் ஒரு பழைய பிரிட்ஜ் உண்டு. அதன் கதவில் அவனுடைய தண்ணீர் பாட்டில் இருக்கும். தினமும் அதைத் திறந்து, நின்றபடியே குடித்துவிட்டு நூலகத்துக்குப் போவான். அன்றும் திறந்தான். குடித்தான். ருசி ஏதோ மாதிரி இருந்தது... ருசியே இல்லாத மாதிரி.

"அய்யய்யோ! துப்புங்க! துப்புங்க முதல்ல!"

திரும்பினான். வாசலில் ஒரு பெண். ரப்பர் செருப்பு, முழங்கால் வரை சேறு, இடுப்பில் அணைத்த ஐஸ் பெட்டி. அவள் கண்கள்தான் முதலில் தெரிந்தன. அவ்வளவு பெரிய கண்களை அவ்வளவு பயத்தோடு அவன் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

"முழுங்கிட்டேன்" என்றான்.

"முழுங்கிட்டீங்களா? எவ்வளவு?"

"பாதி."

"பாதியா! ஏங்க, யார் பாட்டில்னு பாக்க மாட்டீங்களா?"

"என் பாட்டில் இங்கதான் இருக்கும்."

"உங்க பாட்டில கீழ் தட்டுல வெச்சேன். இது சாம்பிளுங்க... சாம்பிள்!"

முதலாண்டு மாணவி. வேதியியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவள். எங்கே போனாலும் அந்தப் பெட்டியோடு போவதால் துறையில் அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். அவனுக்கு முனிவர். பெயர் வைத்தவர்கள் ஒரே கூட்டம்தான். ஆனால் இருவரும் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

கழிவைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்க விடுகிறது என்று முலாம் பூசும் பட்டறை ஒன்றின் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. கிராமத்தார் பக்கம் துறையின் சட்ட உதவி மையம் நின்றது. அதற்காக அவள் விடியற்காலையில் போய் மூன்று பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். ஒன்று பட்டறைச் சுவரை ஒட்டிய கிணற்றில் எடுத்தது. இன்னொன்று தொலைவில் உள்ள கிணற்றில். மூன்றாவது, இங்கிருந்தே கொண்டுபோய் அப்படியே திரும்பக் கொண்டுவந்த காய்ச்சி வடித்த தண்ணீர். வழியில் எதுவும் கலக்கவில்லை என்று காட்ட அது வேண்டும். மூன்றும் பார்வைக்கு ஒன்றுதான். கண்ணாடி மாதிரி.

"லேபிள் எங்க?" என்றான்.

அவள் முகம் வெளுத்தது. ஐஸ் உருகியிருந்தது. அழியாத மை பேனாவைத் தேட நேரமில்லாமல் சாதாரணப் பேனாவால் எழுதியிருந்தாள். பாட்டிலில் ஒரு நீலக் கறைதான் மிச்சம். மற்ற இரண்டிலும் அப்படித்தான்.

"அப்போ நான் குடிச்சது எது?"

"தெரியலயே..." அவள் குரல் உடைந்தது. "அந்தச் சுவரோரக் கிணத்துத் தண்ணிய ஒரு கன்னுக்குட்டி குடிச்சுது. மறுநாள் அது எழுந்திரிக்கவே இல்ல."

"சரி."

"என்ன சரி? வாங்க ஆஸ்பத்திரிக்கு!"

"எனக்கு ஒண்ணும் பண்ணல."

"கன்னுக்குட்டியும் அப்படித்தாங்க நெனச்சிருக்கும்!"

அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் போனான். மறுக்கவும் ஒரு தெம்பு வேண்டும்.

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் கால் வைத்ததுமே அந்த வாசனை அடித்தது. அவன் நின்றுவிட்டான். அவள் பார்த்தாள்.

மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் வரை படுக்க வைத்தார். "கூட வந்திருக்கிறது யாரு... சம்சாரமா?"

"இல்ல டாக்டர்" என்றாள் அவசரமாக. "பாட்டில் என்னோடது."

மருத்துவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி? வீட்டுக்குச் சொல்லணும்ல?"

"ஆச்சு. இப்ப இல்ல."

அவள் தலை நிமிர்ந்தது. உடனே குனிந்தது.

"சரி, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கட்டில் கம்பியைப் பற்றியிருந்த அவன் விரல்கள் வெளுத்துப்போயின. அவள் அதைக் கவனித்தாள்.

மிச்சத் தண்ணீரைப் பழைய வகுப்புத் தோழியின் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் கண் மூடினால் "தூக்கமா, மயக்கமா?" என்று கேட்டாள். கண் திறந்தால் "வயிறு வலிக்குதா?" என்றாள். நாடி பார்த்தாள். தப்பான இடத்தில் பார்த்தாள்.

"நீங்க எதப் பத்தி ஆராய்ச்சி பண்றீங்க?"

"முன்னெச்சரிக்கைக் கோட்பாடு."

சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. "அடக் கடவுளே... ஆபத்து வரும்னு முழுசா நிரூபணம் ஆகுற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, வரலாம்னு தோணினாலே தடுக்கணும்... அதுதானே? அதப் படிக்கிறவரு கண்ட பாட்டிலத் திறந்து மடக்கு மடக்குனு குடிக்கிறாரு!"

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவ்வளவுதான்... ஆனால் அசைந்தது.

"உங்களுக்குப் பயமே இல்லையா முனிவரே?"

"இல்ல."

"எனக்கு இருக்கு. கை பாருங்க, எப்படி நடுங்குது. ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஒருத்தியே பயப்படணுமா?"

அவன் கூரையைப் பார்த்தான். பிறகு, யாரிடமும் சொல்லாததை நாலு வாக்கியத்தில் சொன்னான். மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. பயப்பட ஒண்ணுமில்லை என்றார்கள். குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே மழை தொடங்கியிருந்தது. அவள் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள்.

"அந்த வார்த்தைய நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "பயப்பட நிறைய இருக்கு. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தாள். அவன் இரண்டு முறை கண் திறந்து பார்த்தான். இரண்டு முறையும் இருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை அவன் நூலகத்தில் இருந்தபோது ஓடி வந்தாள். மூச்சு இரைத்தது. முடியெல்லாம் மழைத் துளி.

"காய்ச்சி வடிச்ச தண்ணி! நீங்க குடிச்சது ஒண்ணுமே இல்லாத தண்ணிங்க! இந்தக் கல்லூரியிலயே சுத்தமான தண்ணிய நீங்கதான் குடிச்சிருக்கீங்க!"

சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். மை தீட்டாத கண்கள்... அவற்றில் அவன் பிழைத்துக் கிடந்தான்.

மேஜைக்கு அடியில் தன் கை நடுங்குவதை அவன் அப்போதுதான் உணர்ந்தான். செத்திருப்பேனோ என்ற நடுக்கம் இல்லை. இவள் நாளைக்கும் இப்படி ஓடி வருவாள். நாளை மறுநாளும் வருவாள். ஒரு நாள் வராமல் போவாள்... அதை நினைத்த நடுக்கம். இன்னொரு புது விரிப்பைப் பார்க்க அவனால் முடியாது.

"நல்லது" என்றான்.

"ஒரு உதவி வேணும். லேபிள் அழிஞ்சதால தீர்ப்பாயத்துல அந்தச் சாம்பிள் செல்லாது. மறுபடி எடுக்கணும். எடுக்கிறவங்க ஒருத்தர், பக்கத்துல நின்னு பாத்துக் கையெழுத்துப் போட இன்னொருத்தர். அங்க பட்டறை ஆளுங்க போன தடவையே என்னைப் போட்டோ எடுத்தாங்க. 'இந்தப் பக்கம் இனிமே வராதம்மா'ன்னு சொன்னாங்க. கொஞ்சம் துணைக்கு... வர்றீங்களா?"

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

"ஏன்?"

"அதான் எனக்கு ஒண்ணும் ஆகலையே. இனி நீங்க என்னைப் பாக்க வரத் தேவையில்ல."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. பரிதாபப்பட்டு வந்தேன்னு நெனச்சுட்டாரா? நெனச்சுக்கட்டும் என்று அவளுக்குள் ஓடியது.

"கெஞ்ச வரல முனிவரே. கிணத்துக்காரம்மா கையெழுத்துப் போடுவாங்க. நானே போயிக்கிறேன்."

பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் நின்ற இடத்தில் ஈரக் கால்தடம் இருந்தது. அது காயும் வரை அவன் புத்தகத்தில் ஒரு பக்கமும் திருப்பவில்லை.

மத்தியானம் மழை வலுத்தது. வீட்டுக்கு வந்து கணினி முன் உட்கார்ந்தான். பாதியில் நின்ற வாக்கியம்: 'நடவடிக்கைக்கு நிரூபணம் தேவையில்லை; நியாயமான அச்சமே போதும்.' அச்சம் என்ற சொல்லை ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறான். வெறும் சொல்லாக.

ஆஸ்பத்திரிச் சீட்டில் அவள் எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தான். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடி செய்தான். மறுபடி. சட்ட உதவி மையத்தில் கேட்டான். காலையிலேயே கிளம்பிவிட்டாளாம். தனியாக.

பட்டறைச் சுவர். போட்டோ எடுத்த ஆட்கள். மழையில் வழுக்கும் கிணற்று மேடு. வராதம்மா, வராதம்மா... மாடிப்படியில் இறங்கினான், ஏறினான், மறுபடி இறங்கினான்.

"என்ன மாப்ள, உக்கார மாட்டேங்கிறீங்க?"

"ஒருத்தவங்க... போன் எடுக்கல அத்தை."

"யாரு?"

மாமியார் அவன் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. அது சந்தோஷம் இல்லை. ஆனாலும் உயிருள்ள ஏதோ.

"பொண்ணா?"

தலை குனிந்தான். இந்த வீட்டில், இந்த வாசலில் நின்று அதற்கு எப்படி ஆமாம் சொல்வது?

மாமியார் உள்ளே போய்க் குடையோடு வந்தார். மகள் வைத்திருந்த குடை.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்கன்னு உங்கள அனுப்பினது நான்தான்." குரல் தழுதழுத்தது. குடையை அவன் கையில் திணித்தார். "இன்னைக்கும் நான்தான் அனுப்புறேன். ஓடுங்க மாப்ள."

ஓடினான்.

பஸ் ஊர்ந்தது. கண்ணாடியில் மழை அறைந்தது. சாமி கும்பிட மறந்தவன், பெயர் தெரியாத ஏதோ ஒன்றிடம் கெஞ்சிக்கொண்டே வந்தான். விட்டு வெச்சிரு... அவளை மட்டும் விட்டு வெச்சிரு... கடைசி நிறுத்தம். பட்டறையின் நீண்ட சுவர். அதன் அடியில் மஞ்சள் நிறத்தில் ஓடும் தண்ணீர். பூட்டிய கேட். ஆள் இல்லை. வயல் வழியே கிணற்று மேட்டுக்கு ஓடினான். அங்கே ஒரு ரப்பர் செருப்பு மட்டும் சேற்றில் புதைந்து கிடந்தது.

கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். கால் நகரவில்லை.

"யாருங்க அது? அந்தக் கிணத்துத் தண்ணியையும் குடிக்க வந்தாச்சா?"

எதிரே, பாதை ஓரத்து ஓட்டுக் கொட்டகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஐஸ் பெட்டியின் மேலேயே. ஒரு காலில் செருப்பு இல்லை. முழுக்க நனைந்திருந்தாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் நடந்தான். குடை விரிக்காமலே அக்குளில் இருந்தது.

"போன்..." என்றான்.

"மழையில போயிடுச்சு. பட்டறை ஆளுங்க கேட்டப் பூட்டிட்டாங்க, வயல் வழியா சுத்தி வந்தேன். சேறு செருப்பப் பிடிச்சுக்கிச்சு. ஆனா எடுத்துட்டேன்! கிணத்துக்காரம்மா கையெழுத்தும் போட்டுட்டாங்க. இந்த முறை அழியாத மை... மேல டேப்பும் ஒட்டியாச்சு." படபடவென்று பேசியவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னாச்சு? ஏன் இப்படி நடுங்குறீங்க?"

"பயந்துட்டேன்."

"யாரு... நீங்களா?"

"ரொம்ப."

அவள் கண்கள் விரிந்தன. இமையில் ஒரு துளி நின்றது, விழவில்லை.

"எதுக்கு?"

"நீ இல்லாமப் போயிடுவியோன்னு." 'நீ' என்று சொன்னது அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. "நிரூபணம் எதுவும் இல்ல. பயம் மட்டும்தான் இருக்கு. அதுக்கு வேற பேர் இருக்குன்னு பஸ்ஸுல வரும்போது தெரிஞ்சுது. உன்ன எனக்கு... இனிமே உன்ன தனியா அனுப்ப முடியாது."

மழை ஓட்டின் மேல் கொட்டியது. அவள் நகர்ந்து பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டாள். உட்கார்ந்தான். தொண்டை காய்ந்து இருமல் வந்தது. பழக்கதோஷத்தில் அவன் கை பெட்டியின் மூடிப் பக்கம் போனது. பட்டென்று அடித்துத் தள்ளினாள்.

பிறகு தோள்பையைத் திறந்து, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். திறந்தாள். அவன் பார்க்கப் பார்க்க, வாய் வைத்து முதலில் தான் ஒரு மடக்கு குடித்தாள். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு அதே பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கத் தயங்கினான். கை இன்னும் நடுங்கியது.

"நான் குடிச்சுப் பாத்துட்டேன்" என்றாள். "பயமா இருந்தா... பயந்துக்கிட்டே குடி."